ஐரிஷ் ஜிக் மெட்டு ஒன்றின் மூலத்தைத் தேடுவதும் பகிர்வதும்: முழுமையான வழிகாட்டி

எங்கேயோ ஒரு ஜிக் (ஐரிஷ் நடன மெட்டு வகை) கேட்டீர்கள், அது மனதில் ஒட்டிக்கொண்டது, பெயர் தெரியவில்லை. அல்லது பெயர் தெரியும், ஆனால் அது எங்கிருந்து வந்தது, யார் முதலில் வாசித்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. இந்தத் தேடலை ஒழுங்காகச் செய்வது எப்படி, தேடிக் கிடைத்ததை மற்றவர்களோடு எப்படிப் பகிர்வது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக மொரிசன்ஸ் ஜிக்கைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். ஐரிஷ் இசை பழகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே கற்றுக்கொள்கிற மெட்டு அது, அதன் வரலாறும் தேடலுக்கு நல்ல பாடம்.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஜிக்குகளுக்கு ‘இயற்றியவர் இன்னார்’ என்ற விடை கிடைக்காது. கிடைப்பது, இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்கிற ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் எத்தனை கண்ணிகளை உறுதியாகக் காட்ட முடிகிறது என்பதுதான் உங்கள் தேடலின் அளவுகோல்.

முதல் படி: கேட்டதைப் பிடித்து வையுங்கள்

கைபேசியில் பதிவு செய்தாலே போதும். ஆனால் பப்பிலோ வீட்டிலோ நடக்கும் செஷனில், அதாவது கலைஞர்கள் கூடி வாசிக்கும் இடத்தில், பதிவு செய்வதாக இருந்தால் வாசிப்பவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மேசைக்கு அடியில் ஒளித்துவைத்துப் பதிவு செய்வது அங்கே மரியாதைக் குறைவு. மெட்டு முடிந்ததும் எல்லோரும் ‘இதன் பெயர் என்ன’ என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ‘இதை யாரிடமிருந்து கற்றீர்கள்’ என்று கேளுங்கள். பெயர் மறந்துபோன ஆளுக்கும், எந்த ஊரில் எந்த ஃபிடில்காரரிடம் (ஃபிடில் என்பது வயலின்தான்) கேட்டோம் என்பது நினைவிருக்கும். அந்தப் பதிலையும் தேதியையும் இடத்தையும் அன்று இரவே எழுதி வைத்துவிடுங்கள்.

பதிவில் மெட்டு குறைந்தது இரண்டு முறை முழுதாக வரவேண்டும். ஜிக்கின் வழக்கமான அமைப்பு எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) கொண்ட முதல் பகுதி இரண்டு தடவை, எட்டு பார் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு தடவை, ஆக 32 பார். மூன்று, நான்கு, ஐந்து பகுதிகள் உள்ளவையும் உண்டு. செஷனில் ஒரு மெட்டு முடிந்த கையோடு இடைவெளியே இல்லாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். இந்த அமைப்பு தெரியாவிட்டால் இரண்டு மெட்டுகளை ஒன்று என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: இது எந்த ஜிக்?

டபுள் ஜிக் 6/8 தாளம். ஒவ்வொரு பாரிலும் மும்மூன்றாக ஆறு ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நம் காதுக்கு திஸ்ர நடை. சிங்கிள் ஜிக்கும் 6/8தான், ஆனால் ஒரு நீளம் ஒரு குட்டை என்று துள்ளும். ஸ்லிப் ஜிக் 9/8, மும்மூன்றாக மூன்று குழு. ஸ்லைடு பெரும்பாலும் 12/8 என்று எழுதப்படுவது, கார்க், கெரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியின் செல்லப்பிள்ளை. ஒரு மெட்டைச் சிலர் சிங்கிள் ஜிக் என்றும் சிலர் ஸ்லைடு என்றும் எழுதி வைத்திருப்பார்கள், அதனால் தேடும்போது இரண்டு பெட்டியிலும் கை விட்டுப் பாருங்கள்.

அப்புறம் மோட், அதாவது மெட்டு எந்த ஸ்வரங்களால் ஆனது என்பது. கர்நாடக இசை கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஐரிஷ் மெட்டுகளில் அதிகம் வருகிற நான்கு மோட்களில் மேஜர் என்பது சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, டோரியன் கரகரப்பிரியா, ஏயோலியன் நடபைரவி. கமகம், பிடிகள் எல்லாம் வேறு, ஸ்வரஸ்தானங்கள் மட்டும் ஒன்று. மொரிசன்ஸ் ஈ டோரியனில் உள்ள டபுள் ஜிக். ஈ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதன் முதல் நான்கு பார் ஏறக்குறைய இப்படி வரும் (காற்புள்ளி என்றால் முந்தைய ஸ்வரம் நீள்கிறது):

ச , , ப , , | ச ப ச ம ரி நி | ச நி ச ப , , | நி த ப ம ரி நி

இரண்டாம் பாரின் கடைசி நி, மூன்றாம் பாரின் நி, நான்காம் பாரின் கடைசி நி மூன்றும் மந்திர ஸ்தாயி. நான்காம் பாரின் தொடக்கத்தில் வருவது மத்திய ஸ்தாயி நி. இரண்டாம் பகுதி மேலே ஏறிவிடும், ப ச ச ரி ச ச | ம ச ச ரி ச ச என்று. இங்கே ப தவிர மற்றதெல்லாம் தார ஸ்தாயி.

மூன்றாம் படி: நகைகளைக் கழற்றிவிட்டு எலும்பை மட்டும் எழுதுங்கள்

பலர் இடறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். அந்த முதல் பாரின் நீண்ட ஸட்ஜத்தை ஒருவர் அப்படியே நீட்டுவார், இன்னொருவர் ‘ச ரி ச’ என்று நிரப்புவார், மூன்றாமவர் ரோல் போட்டு விரலால் தட்டி உருட்டுவார். மூவரும் வாசிப்பது ஒரே மெட்டைத்தான். நீங்கள் கேட்டதை ஸ்வரம் விடாமல் எழுதி அப்படியே தேடினால், வேறு விதமாக நிரப்பிய பழைய பிரதி உங்கள் கண்ணிலேயே படாது.

அதனால் பாருக்கு இரண்டு ஸ்வரம் மட்டும் எடுங்கள், அதாவது ஒவ்வொரு மூன்றின் முதல் ஸ்வரம். மொரிசன்ஸுக்கு அது ச ப, ச ம, ச ப, நி ம. இதுதான் எலும்பு. இது அவ்வளவு சீக்கிரம் மாறாது. அயர்லாந்தின் நடன இசையைத் தொகுத்த பிரெண்டன் பிரானக் கணினி வருவதற்கு முன்பே, மெட்டின் தொடக்கத்தை எண்களாக மாற்றி அட்டைகளில் வரிசைப்படுத்தி, ஒரே மெட்டு எத்தனை பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கியோல் ரிங்கே நா ஹேரன் தொகுப்பின் முதல் பாகம் 1963-இல் வந்தது. அதன் குறிப்புகளில் ஒரு மெட்டின் மாற்றுப் பெயர்களும் மற்ற தொகுப்புகளில் அது எங்கே இருக்கிறது என்பதும் கிடைக்கும். கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

எலும்பை ஸ்வர இடைவெளியாக எழுதுவதில் இன்னொரு லாபமும் உண்டு: சுருதி மாறினாலும் பிரச்சினை இல்லை. ஜி சுருதியில் வாசிக்கும் மெட்டு பழைய புத்தகத்தில் ஏ சுருதியில் இருக்கும், பைப்காரர் (துருத்திக் குழல் வாசிப்பவர்) ஒரு சுருதியில் வாசிப்பதை ஃபிடில்காரர் வேறு சுருதிக்கு மாற்றியிருப்பார்.

முதல் பகுதி, இரண்டாம் பகுதி இரண்டுக்கும் தனித்தனியே எலும்பு எடுங்கள். சில இடங்களில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மெட்டின் முடிவை வைத்துத் தேடவே தேடாதீர்கள், கடைசி இரண்டு பார் ஏராளமான ஜிக்குகளில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நான்காம் படி: பெயரைக் கண்டுபிடித்தல்

இப்போது இணையத்துக்குப் போகலாம். ட்யூன்பால் என்ற செயலியில் மெட்டை வாசித்துக் காட்டினால் பொருந்துகிறவற்றைத் தரும். தி செஷன், டிரெடிஷனல் ட்யூன் ஆர்கைவ் ஆகிய தரவுத்தளங்களில் ஒரு மெட்டுக்கு உள்ள மாற்றுப் பெயர்கள், பல பிரதிகள், பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இவை உங்களுக்கு வழி காட்டும், ஆதாரம் ஆகாது. அங்கே ‘1903 தொகுப்பில் உள்ளது’ என்று இருந்தால் அந்த 1903 தொகுப்பைத் திறந்து பக்கத்தைப் பார்க்கிற வரைக்கும் அது கேள்விப்பட்ட செய்திதான்.

பெயர்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. கெஷ் ஜிக் என்று இன்று எல்லோரும் வாசிப்பது ஓநீல் தொகுப்பில் (அதைப் பற்றி ஆறாம் படியில்) கின்கோரா ஜிக். ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மெட்டுகளும் நிறைய. ‘கன் அனம்’ என்று இசைத்தட்டில் போட்டிருந்தால் அது தலைப்பு அல்ல, பெயர் தெரியாது என்பதை ஐரிஷ் மொழியில் போட்டிருக்கிறார்கள், அதை வைத்துத் தேடிப் பயனில்லை. எல்லாவற்றையும் விட ஏமாற்றுவது ஆள் பெயரில் வரும் தலைப்புகள். ‘இன்னாருடைய ஜிக்’ என்றால் அவர் இயற்றினார் என்று பொருள் இல்லை, அவரிடமிருந்து கேட்டோம் என்பதுதான் பெரும்பாலும்.

மொரிசன்ஸ் அதற்குச் சரியான சாட்சி. ஜேம்ஸ் மொரிசன் ஸ்லைகோ மாவட்டத்தில் 1893-இல் பிறந்து அமெரிக்கா போய், நியூயார்க்கில் பேரெடுத்த ஃபிடில் கலைஞர், 1947-இல் இறந்தார். அவரோடு வாசித்தவர் கெரி மாவட்டத்து அக்கார்டியன் கலைஞர் டாம் கார்மடி. சொல்லப்படுகிற கதை இது: ஒரு பதிவுக்கு முன் கார்மடி இந்த ஜிக்கை வாசித்துக்கொண்டிருக்க, மொரிசனுக்குப் பிடித்துப்போய் அது என்ன என்று கேட்டார். தன் தந்தையிடமிருந்து வந்தது, ‘தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப்’ என்று சொல்வார்கள் என்றார் கார்மடி. 1936-இல் மொரிசன் அதைப் பதிவு செய்தபோது தலைப்பு ‘மொரிஸ் கார்மடிஸ் ஃபேவரிட்’, அதாவது கார்மடியின் தந்தை பெயர். தட்டைக் கேட்டுக் கற்றவர்கள் வாசித்தவரின் பெயரையே மெட்டுக்கு வைத்துவிட்டார்கள். கெரியில் ஒரு குடும்பத்துக்குள் இருந்த மெட்டு ஸ்லைகோக்காரர் பெயரில் உலகம் சுற்றுகிறது. பெயரை மட்டும் நம்பித் தேடியவர் ஸ்லைகோவிலேயே தோண்டிக்கொண்டிருப்பார், அங்கே ஒன்றும் கிடைக்காது.

ஐந்தாம் படி: இசைத்தட்டுகள்

தேடலை இன்றிலிருந்து பின்னோக்கி நடத்துங்கள். பல மெட்டுகள் எல்லோர் கைக்கும் வந்தது 1970-களின் குழுக்கள் வழியாக. கெஷ் ஜிக் பாத்தி பேண்டின் 1975 முதல் இசைத்தட்டில் முதல் மெட்டு. அதே தட்டில் இருக்கும் தி பட்டர்ஃப்ளை என்ற ஸ்லிப் ஜிக், டப்ளின் ஃபிடில் கலைஞர் டாமி பாட்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவருடைய தட்டு 1972-இல் வந்தது, அதையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

அதற்குப் பின்னால் போனால், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகள். 1916-இல் நியூயார்க்கில் கடை வைத்திருந்த எலன் ஓபர்ன் டிவிட், ஐரிஷ் இசைத்தட்டு கேட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள் என்று கொலம்பியா நிறுவனத்தைச் சம்மதிக்க வைத்து, ஹெர்போர்ன், வீலர் என்ற இருவரின் அக்கார்டியன், பேஞ்சோ வாசிப்பைத் தட்டாக்க வைத்தார். அது விற்றுத் தீர்ந்தது. 1920-களிலும் 30-களிலும் மைக்கேல் கோல்மன், மொரிசன், பேடி கில்லோரன் என்று ஸ்லைகோ ஃபிடில்காரர்களின் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பிப் போய், அங்கிருந்த உள்ளூர் வாசிப்புகளை ஓரம் தள்ளின. அதனால் 1950-க்குப் பிறகு ஒரு கிராமத்தில் பதிவான மெட்டு அந்த ஊரின் பழைய சொத்தா, தட்டிலிருந்து கற்றதா என்று கட்டாயம் பாருங்கள். தட்டில் இரண்டு மெட்டுகள் எந்த வரிசையில் வந்தனவோ அதே வரிசையில் கிராமத்துக்காரரும் வாசித்தால் தட்டுதான் மூலம் என்று சந்தேகப்படலாம்.

தட்டின் காலத்தைத் தலைப்பு அட்டையை வைத்து ஊகிக்க வேண்டாம். சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் பட்டியலில் மேட்ரிக்ஸ் எண்ணை (தட்டில் பொறித்திருக்கும் பதிவு எண்) தேடிப் பாருங்கள், பல தட்டுகளுக்குப் பதிவான நாளே இருக்கும். இன்னும் முன்னே போனால் ஒலியைப் பதிவு செய்த மெழுகு உருளைகள். மில்வாக்கியில் உள்ள வார்டு ஐரிஷ் இசைக் காப்பகத்தில் டன் குடும்பத்தின் உருளைகள் இருக்கின்றன. பாட்சி டூஹி போன்றவர்களின் இல்லன் பைப்பை (ஐரிஷ் துருத்திக் குழல்) அதில் கேட்கலாம், இரைச்சலைப் பொறுத்துக்கொண்டால் நூறாண்டுக்கு முந்தைய கை எப்படி ஓடியது என்று தெரியும்.

ஆறாம் படி: அச்சும் கையெழுத்தும்

முதலில் திறக்க வேண்டியது ஃபிரான்சிஸ் ஓநீல். கார்க் மாவட்டத்தில் 1848-இல் பிறந்து, சிகாகோவின் காவல்துறைத் தலைவராக 1901 முதல் 1905 வரை இருந்தவர். அந்த வேலைக்கு நடுவே சிகாகோவில் இருந்த ஐரிஷ் கலைஞர்களிடமிருந்து மெட்டுகளைச் சேர்த்து 1903-இல் 1,850 மெட்டுகள், 1907-இல் 1,001 நடன மெட்டுகள் என்று வெளியிட்டார். ஒன்று கவனியுங்கள்: 1976-இல் மைல்ஸ் கிராசன் திருத்திய பதிப்பு ஒன்று உண்டு, அதில் பிரதிகள் மாற்றப்பட்டிருக்கின்றன. ‘ஓநீலில் இருக்கிறது’ என்று சொல்கிறவர் எந்த ஓநீலைப் பார்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் போவதற்கு என் வரிசை இது. பாஸ்டனில் 1883-இல் வந்த ரயன் தொகுப்பு, கிளாஸ்கோவின் கெர் தொகுப்புகள், டப்ளின் கலைஞர் லீவி 1858-இல் தொடங்கிய தொகுப்பு. கையெழுத்தில், பைப் வாசித்த பாதிரியார் ஜேம்ஸ் குட்மன் 1860-களில் மன்ஸ்டர் பகுதியில் எழுதியவை டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. ஜார்ஜ் பெட்ரி சேர்த்தவற்றை ஸ்டான்ஃபோர்டு 1902 முதல் 1905 வரை பதிப்பித்தார். அதற்கும் முன் லண்டனில் 1800-களின் தொடக்கத்தில் வந்த ஓஃபாரலின் பைப் புத்தகங்கள், கிளாஸ்கோவில் 1782 முதல் வந்த ஏர்டு தொகுப்புகள். இவற்றில் பலவற்றை இணையத்திலேயே புரட்டலாம். டப்ளின் மெரியன் சதுக்கத்தில் 1987 முதல் இயங்கும் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இந்த வேலைக்கு உயிர்நாடி.

பழைய புத்தகங்களில் ஐரிஷ் ஜிக் என்றால் அயர்லாந்திலேயே பிறந்தது என்று முடிவு கட்ட வேண்டாம். ஹேஸ்ட் டு தி வெட்டிங் அயர்லாந்து முழுக்க வாசிக்கப்படுகிற ஜிக், அது 1767-இல் லண்டன் டிரூரி லேன் அரங்கில் நடந்த ஒரு நாடகத்தோடு பரவியது. மெட்டுகள் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து மூன்றுக்கும் நடுவே படகில் போய்வந்துகொண்டே இருந்திருக்கின்றன. ஒரு புத்தகத்தின் ஆண்டு நமக்குச் சொல்வது ஒன்றைத்தான்: அந்த ஆண்டுக்குள் மெட்டு புழக்கத்தில் இருந்தது. அதற்கு எவ்வளவு காலம் முன்பு பிறந்தது என்பதைப் புத்தகம் சொல்லாது.

ஏழாம் படி: இரண்டும் ஒன்றா?

பழைய பிரதி ஒன்று கிடைத்துவிட்டது, உங்கள் மெட்டு போலவே இருக்கிறது. இங்கே அவசரம் வேண்டாம். இரண்டு பகுதிகளின் எலும்பும் பொருந்தினால் ஒரே மெட்டு என்று தைரியமாகச் சொல்வேன். ஒரு பகுதி மட்டும் பொருந்தினால் உறவு என்று சொல்வேன், அதற்கு மேல் இல்லை, ஏனென்றால் ஒரு மெட்டின் முதல் பகுதியோடு இன்னொன்றின் இரண்டாம் பகுதியை ஒட்டி வாசிப்பது சகஜம். முதல் இரண்டு பார் மட்டும் பொருந்தினால் அது எதையும் காட்டாது. மோட் மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம், பைப்பிலும் ஃபிடிலிலும் காந்தாரமும் நிஷாதமும் கொஞ்சம் இழுபறியாகவே ஒலிக்கும், எழுதியவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதியிருப்பார். ஜிக் வேறு இடத்தில் அணிநடையாகவோ பாட்டாகவோ இருப்பதும் உண்டு.

எட்டாம் படி: பகிர்தல்

பகிர ஏற்ற வடிவம் ஏபிசி குறியீடு. வெறும் எழுத்துகளால் ஆனது, மின்னஞ்சலிலும் அனுப்பலாம், இலவச மென்பொருள் அதை ஸ்வரத்தாளாக மாற்றித் தரும். அதில் தலைப்பு, தாளம், சுருதி ஆகியவற்றோடு மூலத்துக்கு எஸ், வரலாற்றுக்கு எச், எழுதியவருக்கு இசட் என்று தனித்தனி வரிகள் உண்டு. நிறையப் பேர் இவற்றைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஸ்வரங்களை வேறு யாராவது திரும்ப எழுதிவிட முடியும், ஆனால் யாரிடமிருந்து வந்தது என்ற செய்தி போனால் போனதுதான். மொரிசன்ஸுக்கு நான் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

“மொரிசன்ஸ். வேறு பெயர்கள்: மொரிஸ் கார்மடிஸ் ஃபேவரிட், தி ஸ்டிக் அக்ராஸ் தி ஹாப். டபுள் ஜிக், ஈ டோரியன். ஜேம்ஸ் மொரிசன், 1936 இசைத்தட்டு. மொரிசனுக்கு டாம் கார்மடியிடமிருந்தும், கார்மடிக்குத் தந்தையிடமிருந்தும் வந்ததாகக் கலைஞர்கள் வழியாகச் சொல்லப்படுகிறது. இங்கே எழுதியிருப்பது இன்று செஷன்களில் பொதுவாக வாசிக்கும் வடிவம், தட்டில் உள்ளது அல்ல.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எதைக் கேட்டு எழுதினோம் என்பதையும் எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதையும் கலந்துவிட்டால், படிப்பவர் உங்கள் பிரதியை 1936 வாசிப்பு என்று எடுத்துக்கொள்வார். நானே பார்த்தது, பெயர் சொல்லி ஒருவர் கூறியது, என் ஊகம் என்று மூன்றையும் படிப்பவருக்குப் புரியும்படி பிரித்து எழுதுங்கள்.

உரிமை விஷயம். மரபு மெட்டு போலவே ஒலிக்கிற பலவற்றுக்கு இயற்றியவர் உண்டு. காலியோப்பி ஹவுஸ் என்ற ஜிக் பாய்ஸ் ஆஃப் தி லாக் குழுவின் டேவ் ரிச்சர்ட்சன் இயற்றியது. தி மிஸ்ட் கவர்டு மவுண்டன் ஜிக் கிளேர் மாவட்டத்து ஜூனியர் கிரெஹனுடையது. அவர் 1998-இல்தான் இறந்தார், அயர்லாந்தில் பதிப்புரிமை இயற்றியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். இவற்றை ‘மரபு’ என்று போட்டுப் பகிர்வது சரியில்லை. இயற்றியவர் பெயரைப் போடுங்கள், வெளியிட அனுமதி தேவையா என்று பாருங்கள். மெட்டு பழையதாக இருந்தாலும் இசைத்தட்டின் ஒலிக்குத் தனி உரிமை இருக்கலாம். செஷனில் நீங்கள் பதிவு செய்ததை அந்தக் கலைஞர்களைக் கேட்காமல் பொதுவில் ஏற்றாதீர்கள், அனுமதி கிடைக்காவிட்டால் நீங்களே ஒரு முறை வாசித்து ஏற்றுங்கள்.

பகிர்ந்த பிறகு யாராவது வந்து, என் தாத்தா இதை வேறு பெயரில் வாசிப்பார் என்பார். நன்றி சொல்லி, அந்தப் பெயர், மாவட்டம், ஏறக்குறைய எந்தக் காலம் என்று கேட்டு, அவர் அனுமதித்தால் குறிப்பில் சேருங்கள். உங்கள் பழைய முடிவு மாறினால் அதை அழிக்காமல் கீழே தேதியோடு திருத்தத்தை எழுதுங்கள், உங்கள் முதல் குறிப்பை யாரோ ஏற்கெனவே நகலெடுத்து வேறெங்கோ போட்டிருப்பார்கள், அவர்கள் திரும்பி வந்து பார்க்கும்போது எது மாறியது என்று தெரிய வேண்டும்.